கல்லாவுக்குப் பின்னால் இரண்டு பேர்

ஒரு பெண்ணியப் புத்தகக் கடை. கல்லாவுக்குப் பின்னால் தொளதொள உடையில், நடுவயதைத் தொட்ட இரண்டு பெண்கள்: டோனி, கேன்டஸ். கழிப்பறை தேடி அவசரமாக ஒருவர் உள்ளே வருகிறார். நடிகர் ஸ்டீவ் புஸ்செமி. கழிப்பறை வாடிக்கையாளர்களுக்கு மட்டும் என்கிறார்கள். சரி, எதையாவது வாங்கிவிட்டுப் போகலாம் என்று பார்க்கிறார். வாங்குவதும் லேசில் நடப்பதாக இல்லை. வாயைத் திறந்தால் ஒரு தவறு, கையை அசைத்தால் இன்னொரு தவறு. ஒவ்வொரு தவறுக்கும் மிக மெதுவான, மிகப் பொறுமையான ஒரு வகுப்பு. வந்தவருக்கு வேர்க்கிறது. பார்க்கிற நமக்குச் சிரிப்பு அடங்குவதில்லை.

'போர்ட்லாண்டியா' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் வரும் காட்சி இது. 2011 ஜனவரியில் தொடங்கி, எட்டு சீசன்கள் ஓடி, 2018 மார்ச்சில் முடிந்த தொடர். கேன்டஸாக வருபவர் ஃபிரெட் ஆர்மிசன் என்ற ஆண். டோனியாக வருபவர் கேரி பிரவுன்ஸ்டீன். அந்தத் தொடரைப் பார்த்தவர்களில் பலருக்கு அவர் ஒரு நகைச்சுவை நடிகை, அவ்வளவுதான். எனக்கு அவர் முதலில் அறிமுகமானது வேறு விதமாக. 'ஸ்லீட்டர்-கின்னி' என்ற மூன்று பெண்களின் ராக் குழுவில், கிட்டாரைத் தொடையில் இடித்துக்கொண்டு, ஒரு காலைத் தூக்கி உதைத்தபடி வாசிப்பவராக. அந்தக் குழுவின் பாடல்களை நான் சந்தோஷத்துக்காகக் கேட்டதைவிடத் தைரியத்துக்காகக் கேட்டதுதான் அதிகம். அப்படிப்பட்டவர் பெண்ணியக் கடைக்குள் நின்றுகொண்டு பெண்ணியவாதிகளைப் பார்த்து ஊரைச் சிரிக்க வைக்கிறாரே என்று எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. சிரித்து முடித்த பிறகு வந்த கோபம். அதனால் அதை நான் முழுக்க நம்பவில்லை.

நம்பாததற்குக் காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் மாதம் ஒருமுறை கூடி வாசித்துக்கொண்டிருந்தோம். ஒரு கூட்டத்தில், நிகழ்ச்சிக்கு வர விரும்பும் ஆண்களை அனுமதிக்கலாமா, அனுமதித்தால் பேசவிடலாமா, பேசவிட்டால் எப்போது பேசவிடலாம் என்பதிலேயே முக்கால் மணி நேரம் போயிற்று. அன்று முதன்முறையாக வந்திருந்த கல்லூரிப் பெண் ஒருத்தி, கையில் ஒரு நாவலை வைத்துக்கொண்டு ஏதோ கேட்கக் காத்திருந்தாள். நடுவில் ஒரு வார்த்தை பேசினாள். அந்த வார்த்தை ஏன் சரியில்லை என்று இரண்டு பேர் அவளுக்கு விளக்கினோம். இரண்டு பேரில் ஒருத்தி நான். தேநீர் வருவதற்குள் அவள் கிளம்பிவிட்டாள். பிறகு வரவே இல்லை. டோனி கல்லாவுக்குப் பின்னால் நின்று கண்ணாடிபோல் தெளிவான குரலில் வகுப்பெடுக்கும்போது எனக்குத் தெரிவது அமெரிக்கா இல்லை, என் முகம்தான். ஆனால் அதே கூட்டத்தைப் பற்றி, வெளியிலிருந்த ஓர் ஆண் எழுத்தாளர் டீக்கடையில் நின்று அடித்த ஜோக் என் காதுக்கு வந்தபோது உடம்பெல்லாம் எரிந்தது. விஷயம் ஒன்றுதான், சொன்ன வாய் வேறு. பிரவுன்ஸ்டீனின் முப்பது வருட வேலையை நான் இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் பார்க்கிறேன்: ஒரே சிரிப்பு யார் வாயிலிருந்து வந்தால் என்ன ஆகிறது?

1974இல் சியாட்டிலில் பிறந்து, பக்கத்திலுள்ள ரெட்மண்டில் வளர்ந்தவர். 2015இல் வெளிவந்த அவருடைய தன்வரலாறான 'ஹங்கர் மேக்ஸ் மி எ மாடர்ன் கேர்ள்' நூலில் இசைக்கு முன்பே நடிப்புதான் வந்துவிடுகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் முன்னால் எதையாவது நிகழ்த்திக் காட்டாமல் அவரால் இருக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு 'டுரான் டுரான்' குழுவாகப் பாவனை செய்கிறார். கிட்டார் வாசிக்கத் தெரியாது. வாசிப்பவனைப்போல் நிற்கத் தெரியும். அம்மாவுக்கு உணவை வெறுக்கும் நோய். மருத்துவமனையில் இருந்துவிட்டு வந்த அவர் பிறகு வீட்டைவிட்டே போய்விடுகிறார். கேரிக்கு அப்போது பதினான்கு வயது. தலைப்பிலிருக்கும் பசி பார்வையாளருக்கான பசி மட்டும் இல்லை என்பது அந்தப் பக்கங்களைப் படித்தால் தெரியும்.

ஆக, 'ராக் இசைக்கலைஞர் நடிக்கப் போனார்' என்று பத்திரிகைகள் எழுதியது வரிசையைத் தலைகீழாக்கிச் சொன்னது. ராக் மேடையே ஒரு நடிப்பு மேடை. பிரச்சினை என்னவென்றால் அங்கே வேடங்கள் எல்லாம் ஆணுக்குத் தைக்கப்பட்டவை. கால் அகட்டி நிற்பது, கையைக் காற்றாடிபோல் சுழற்றிக் கம்பிகளை அடிப்பது, ஒலிபெருக்கியின் மேல் சாய்வது, இவையெல்லாம் எழுபதுகளிலேயே பலர் செய்து செய்து ஆண்களின் சொத்தாகிப் போனவை. ஒரு பெண் அதைச் செய்தால் 'ஆண்போல் வாசிக்கிறாள்' என்பார்கள். செய்யாவிட்டால் 'பெண்போல் வாசிக்கிறாள்' என்பார்கள். ஸ்லீட்டர்-கின்னியின் 1996ஆம் ஆண்டுத் தொகுப்பான 'கால் த டாக்டர்'இல் 'ஐ வானா பி யுவர் ஜோயி ரமோன்' என்றொரு பாடல் உண்டு. ஆண் ராக் நட்சத்திரத்தின் இடத்தில் என் படம் உன் படுக்கையறைக் கதவில் தொங்கினால் என்ன என்று கேட்கும் பாடல். ஏக்கமும் கேலியும் பிரிக்க முடியாமல் ஒரே குரலில் வருகின்றன. வேடத்தை விரும்பிக்கொண்டே வேடத்தைப் பார்த்துச் சிரிப்பது என்ற அவருடைய வழி அங்கேயே தொடங்கிவிட்டது என்பது என் எண்ணம். 'போர்ட்லாண்டியா'வுக்குப் பதினைந்து வருடம் முன்பு.

அந்தக் குழு பிறந்த ஊரையும் சொல்ல வேண்டும். வாஷிங்டன் மாநிலத்தின் தலைநகரான ஒலிம்பியா. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் 'ரயட் கேர்ல்' என்ற இளம்பெண்களின் பங்க் இயக்கம் வேர்பிடித்த ஊர்களில் ஒன்று. ஒளிநகல் எடுத்துக் கையால் தைத்த சிற்றிதழ்கள், வீட்டு நிலவறைகளில் கச்சேரிகள், மேடைக்கு முன்னால் நிற்கும் இடம் பெண்களுக்கு என்ற கோரிக்கை. பிரவுன்ஸ்டீன் அப்போது 'எக்ஸ்க்யூஸ் 17' குழுவில். கோரின் டக்கர் 'ஹெவன்ஸ் டு பெட்ஸி'யில். 1994இல் இருவரும் சேர்ந்து தொடங்கிய புதிய குழுவுக்கு அவர்கள் பயிற்சி செய்த இடத்துக்குப் பக்கத்துச் சாலையின் பெயரையே வைத்தார்கள். பேஸ் கிட்டார் கிடையாது. இரண்டு கிட்டார்களையும் வழக்கத்தைவிட ஒன்றரைச் சுருதி இறக்கிக் கட்டிக்கொண்டார்கள். அடித்தளமாக ஒருவரும் நிற்பதில்லை. இரண்டு கிட்டார்களும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டே போகும். மேலே டக்கரின் குரல், சைரன்போல. 1996இல் ஜேனட் வைஸ் டிரம்ஸுக்கு வந்த பிறகுதான் இந்த இரண்டு கிட்டார்களுக்கும் தரை கிடைத்தது. 1997இல் வந்த 'டிக் மி அவுட்'டைக் கேட்டால் அது புரியும். வைஸ் பற்றிப் பிறகு வருகிறேன். அவரை இப்படிப் 'பிறகு' என்று தள்ளுவதும் ஒரு பழக்கம்தான் என்பதைக் குறித்துவிட்டு.

அந்த ஒலிம்பியாவில் விடுதலை இருந்தது. கூடவே சட்டங்களும் இருந்தன. யார் சரியான இசையைக் கேட்கிறார்கள், யார் பெரிய நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டுத் துரோகம் செய்தார்கள், யார் எந்தச் சொல்லைச் சொன்னார்கள் என்ற ஓயாத கண்காணிப்பு. தன்வரலாற்றில் பிரவுன்ஸ்டீன் இதைக் கசப்பில்லாமல், ஆனால் மறைக்காமல் எழுதுகிறார். டோனியின் கடை எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியதில்லை. அவர் அங்கே இருபது வயதில் வாழ்ந்திருக்கிறார். வகுப்பு வாங்கியிருக்கிறார், எடுத்தும் இருக்கிறார்.

வெளி உலகம் அந்தக் குழுவுக்குச் செய்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1996இல் 'ஸ்பின்' பத்திரிகை அவர்களைப் பற்றி எழுதியபோது, பிரவுன்ஸ்டீனும் டக்கரும் முன்பு காதலித்தவர்கள் என்பதை அவர்களிடம் கேட்காமலேயே அச்சிட்டுவிட்டது. தன் குடும்பத்துக்கே அவர் இன்னும் சொல்லியிருக்கவில்லை. இருபத்தியொரு வயதுப் பெண்ணின் அந்தரங்கத்தை அவளுடைய தந்தை பத்திரிகை மூலம் தெரிந்துகொள்கிறார். பாராட்டிக் கட்டுரை எழுதியவர்கள் செய்த காரியம் இது. அதன் பிறகு வருடக்கணக்காக ஒரே கேள்வி: பெண்களாக ராக் குழுவில் இருப்பது எப்படி இருக்கிறது? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பதே பெண்ணாக ராக் குழுவில் இருப்பதன் அனுபவமாகிவிட்டது என்ற பொருளில் அவர் எழுதியிருப்பதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எழுதுகிற பெண்கள் யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். அந்தக் கேள்வியின் நம் ஊர்ப் பதிப்பைச் சொல்வார்கள்.

இந்தக் கேள்விக்கு ஒரு விளைவு உண்டு. எப்போதும் எதையாவது நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டியவள் அசட்டுத்தனம் செய்ய முடியாது. ஆண் ராக் குழுக்கள் முட்டாள்தனமாகப் பாடலாம், நாக்கைத் துருத்தலாம், மேடையில் விழுந்து புரளலாம். அதெல்லாம் அவர்கள் மேதைமையின் ஒரு பகுதி. 2001இல் 'டைம்' பத்திரிகையில் விமர்சகர் கிரீல் மார்க்கஸ் ஸ்லீட்டர்-கின்னியை அமெரிக்காவின் சிறந்த ராக் குழு என்றார். அந்தப் பட்டத்தையும் தலையில் வைத்துக்கொண்டு மூன்று பெண்கள் விளையாட முடியாது. 2002இல் வந்த 'ஒன் பீட்', செப்டம்பர் 11க்குப் பிந்தைய அமெரிக்காவில் போர்வெறியைக் கேட்டுக் கேள்வி எழுப்பிய அரிதான ராக் தொகுப்புகளில் ஒன்று. அதையும் அவர்கள்தான் செய்ய வேண்டியிருந்தது.

பிறகு 2005இல் 'த வுட்ஸ்'. எனக்கு மிகப் பிடித்த தொகுப்பு. ஒலியை வேண்டுமென்றே கிழித்து, ஊசி சிவப்புக் கோட்டைத் தாண்டும் அளவுக்கு ஏற்றிப் பதிவு செய்திருப்பார்கள். அதில் 'என்டர்டெய்ன்' என்றொரு பாடல். பழைய காலத்தை மறுபடி மறுபடிப் பிரதியெடுத்து விற்கும் கலையையும், சும்மா எங்களைச் சிரிக்க வை, பொழுதைப் போக்கு என்று கேட்கும் கூட்டத்தையும் பிரவுன்ஸ்டீன் அதில் கிழித்துத் தொங்கவிடுகிறார். ஆறு வருடம் கழித்து அவரே நடித்து வெளிவந்த 'போர்ட்லாண்டியா'வின் முதல் அத்தியாயம் எப்படித் தொடங்குகிறது? தொண்ணூறுகளின் கனவு இன்னும் உயிரோடிருக்கும் ஊர் போர்ட்லாண்ட் என்ற கேலிப் பாடலோடு. இதை முரண் என்று சுட்டிக்காட்டி ஒரு விமர்சகர் எளிதாகக் கைதட்டல் வாங்கிவிடலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. இரண்டிலும் தாக்கப்படுவது ஒன்றே, பழசை அணைத்துக்கொண்டு தூங்கும் சுகம். மாறியது ஒன்றுதான். 'என்டர்டெய்ன்'இல் பாடுபவர் குற்றத்துக்கு வெளியே நிற்கிறார். தொலைக்காட்சியில் அவரும் குற்றவாளிக் கூண்டில் ஏறிவிட்டார்.

அந்த இரண்டுக்கும் நடுவில் உடல் விழுந்தது. 2006 ஐரோப்பியப் பயணத்தில், பிரஸ்ஸல்ஸில், அக்கிச் சிரங்கு வந்து, பதற்றம் தாங்காமல், மேடைக்குப் பின்னால் தன் முகத்திலேயே குத்திக்கொண்டதை அவர் எழுதியிருக்கிறார். டக்கருக்கு வீட்டில் சிறு குழந்தை. அதே ஆண்டு ஆகஸ்டில் போர்ட்லாண்டில் கடைசிக் கச்சேரியை நடத்திவிட்டுக் குழு ஓய்வுக்குப் போனது. பிரவுன்ஸ்டீன் விலங்குக் காப்பகத்தில் தன்னார்வப் பணி செய்தார், ஒரு விளம்பர நிறுவனத்தில் கொஞ்ச காலம் வேலை பார்த்தார், என்பிஆர் வானொலிக்காக இசை பற்றி எழுதினார். அமெரிக்காவின் சிறந்த ராக் குழுவில் இருந்தவர் முப்பத்திரண்டு வயதில் நாய்க் கூண்டுகளைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். அது அவருக்குப் பிடித்திருந்தது என்றும் எழுதுகிறார். நாய்கள் கேள்வி கேட்பதில்லை.

ஆர்மிசனோடு 'தண்டர்ஆன்ட்' என்ற பெயரில் விளையாட்டாகக் குறும்படங்கள் எடுத்துக்கொண்டிருந்ததுதான் வளர்ந்து தொலைக்காட்சித் தொடரானது. பெண்ணியப் புத்தகக் கடை அந்தக் காலத்திலேயே வந்துவிட்டது. 'போர்ட்லாண்டியா'வில் எனக்குப் பிடித்தது ஆனால் கடைக் காட்சி இல்லை. நீனா, லான்ஸ் என்று ஒரு ஜோடி வரும். கொஞ்சிக் குழையும் நீனா ஆர்மிசன்; மீசை வைத்து, தோள்களை விறைத்து, பேசாமல் முறைக்கும் லான்ஸ் பிரவுன்ஸ்டீன். லான்ஸை அவர் எப்படி நடிக்கிறார் என்று பாருங்கள். குரலைப் பெரிதாக மாற்றுவதில்லை. நிற்பதை மாற்றுகிறார். எடையை ஒரு காலில் வைத்து, கைகளைத் தொங்கவிட்டு, இந்த அறை தனக்குச் சொந்தம் என்பதுபோல். இருபது வருடம் மேடையில் கடன் வாங்கிய அதே உடல்மொழி. மேடையில் அது அதிகாரமாக இருந்தது. வரவேற்பறைச் சோபாவில் அது பரிதாபமாக இருக்கிறது. ஆண்மை என்பது ஒரு நிற்கும் முறை மட்டுமே என்று பத்துக் கட்டுரைகள் எழுதிப் புரியவைக்க வேண்டியதை லான்ஸின் தோள்கள் செய்துவிடுகின்றன.

இப்போது அதே ஜோடியில் நீனாவைப் பாருங்கள், அல்லது கடையில் கேன்டஸை. ஆர்மிசன் திறமைசாலி. சிகாகோவில் 'ட்ரெஞ்ச்மௌத்' குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். பங்க் உலகம் அவருக்கும் வீடுதான். இருந்தும், டோப்பாவும் கவுனும் போட்டு அவர் சட்டகத்துக்குள் வந்தவுடன், வசனத்துக்கு முன்பே சிரிப்பு கிளம்பிவிடுகிறது. அந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்பது நம் சினிமா பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கதாநாயகன் மாறுவேடத்தில் சேலை கட்டி வரும்போது அரங்கம் எதற்குச் சிரிக்கும்? பெண்ணாகத் தோற்றுப்போன உடலுக்கு. அந்தத் தோல்வி சிலருக்கு வேடமில்லை. தெருவில் நடக்கும்போது கல்லடியாக வருவது. மீசை வைத்த பெண்ணைப் பார்த்து யாரும் பயப்படப் போவதில்லை, அடிக்கப் போவதுமில்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் தொலைக்காட்சிச் சிரிப்பின் கணக்கில் இரண்டு வேடங்களுக்கும் ஒரே விலை இல்லை. கல்லாவுக்குப் பின்னால் நிற்கும் இரண்டு பேரில் டோனி அந்தக் கடையை உள்ளிருந்து அறிந்தவள். அவள் அபத்தத்தில் ஒரு பாசம் உண்டு. கேன்டஸ் சிரிப்பை வெளியிலிருந்து கொண்டுவருகிறாள். காட்சி நன்றாக இருக்கும்போது டோனி அதைச் சுமக்கிறாள், மட்டமாகும்போது டோப்பா அதைச் சுமக்கிறது.

இப்படிப் பிரித்துப் பார்ப்பது எனக்கு வசதியாக இருந்தது. பிரவுன்ஸ்டீனை என் பக்கத்தில் வைத்துக்கொள்ள முடிந்தது. ஆனால் அந்தக் கடைக்காரர்கள் அப்படிப் பிரிக்கவில்லை.

கடை நிஜமானது. 'இன் அதர் வேர்ட்ஸ்' என்பது பெயர். 1993இல் தொடங்கப்பட்ட, லாப நோக்கமில்லாத, தன்னார்வலர்களின் உழைப்பில் நடந்த பெண்ணியப் புத்தகக் கடை. வடகிழக்குப் போர்ட்லாண்டின் கில்லிங்ஸ்வொர்த் தெருவில் இருந்தது. படப்பிடிப்பு அந்தக் கடைக்குள்தான் நடந்தது. 2016இல் கடைக்காரர்கள் தொடருடனான உறவை முறித்துக்கொண்டார்கள். நாகரிகம் பார்க்காத ஒரு வசைச்சொல்லோடு அதை எழுதிப் பகிரங்கமாக அறிவித்தார்கள். படப்பிடிப்புக் குழுவினர் கடையை அலங்கோலமாக விட்டுப் போனார்கள், ஊழியர்களை மரியாதையில்லாமல் நடத்தினார்கள், அக்கம்பக்கக் கடைகள் முன்னறிவிப்பில்லாமல் ஒரு நாள் வியாபாரத்தை இழந்தன, கொடுக்கிற வாடகை கட்டவில்லை என்பவை ஒரு பகுதிக் குற்றச்சாட்டுகள். டோப்பாவும் கவுனுமாக வரும் ஆர்மிசன் திருநங்கைகளைச் சிரிப்புக்குப் பலிகொடுக்கிறார் என்பது இன்னொன்று. ஊரையே இந்தத் தொடர் விற்பனைப் பொருளாக்கிவிட்டது, வீட்டு வாடகை ஏறுவதில் இதற்கும் பங்குண்டு என்பது மூன்றாவது.

இந்த மூன்றாவதில் கொஞ்சம் நிற்க வேண்டும். போர்ட்லாண்டில் பெரும்பாலோர் வெள்ளையர்களாக இருப்பது தற்செயல் இல்லை. 1857இல் எழுதப்பட்ட ஓரிகன் அரசியல் சாசனமே கறுப்பின மக்கள் அந்த மாநிலத்தில் குடியேறக் கூடாது என்றது. அதையும் மீறி வந்து தங்கியவர்கள் ஒதுக்கப்பட்ட பகுதிகள்தான் ஆல்பினாவும் அதைச் சுற்றிய வடகிழக்கும். நெடுஞ்சாலைக்காகவும் மருத்துவமனை விரிவாக்கத்துக்காகவும் அங்கே வீடுகள் இடிக்கப்பட்டன. மிச்சமிருந்த தெருக்களுக்குப் பிறகு காபிக் கடைகளும் மிதிவண்டிக் கடைகளும் வந்தன. கறுப்புக் குடும்பங்கள் நகரத்தின் ஓரத்துக்குப் போயின. 'போர்ட்லாண்டியா' அந்தக் காபிக் கடைகளையும் மிதிவண்டிக்காரர்களையும் கேலி செய்தது, உண்மை. உணவகத்தில் தட்டுக்கு வரப்போகும் கோழியின் பெயரையும் வாழ்க்கை வரலாற்றையும் விசாரிக்கும் ஜோடியை மறக்க முடியுமா? ஆனால் அந்தக் காபிக் கடை யாருடைய வீட்டின் மேல் நிற்கிறது என்று அந்தக் கேலி கேட்கவில்லை. தன்னைத்தானே கிண்டல் செய்துகொள்வதிலும் ஒரு சௌகரியம் உண்டு. நான் என்னைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிப் பேச வேண்டியதில்லை.

இதை எழுதும்போது அந்தக் கல்லூரிப் பெண் ஞாபகம் வருகிறது. அந்தக் கூட்டத்தை நினைத்து நாங்கள் இப்போது விழுந்து விழுந்து சிரிக்கிறோம். நன்றாக நடித்தும் காட்டுவேன். அவள் அந்தச் சிரிப்பில் இல்லை. அவள் என்ன கேட்க வந்தாள் என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

கடை 2018 ஜூனில் மூடப்பட்டது. தொடர் முடிந்து மூன்று மாதம் கழித்து. பணமில்லை என்பதோடு, வெள்ளைப் பெண்ணியத்தின் மேல் கட்டப்பட்ட அமைப்பை உள்ளிருந்து சீர்செய்ய முடியவில்லை என்பதையும் மூடுபவர்களே சொன்னார்கள். எனக்கு அந்த வாக்கியத்தின் மேல் மரியாதை உண்டு. டோனியின் வாயில் அதைக் கொடுத்திருந்தால் சிரிப்பு வந்திருக்கும். நிஜக் கடையின் வாயிலிலிருந்து வரும்போது சிரிக்க முடியவில்லை. எட்டு சீசன்களில் அந்தத் தொடர் இந்த இடத்துக்கு ஒருமுறைகூட வந்து சேரவில்லை என்பதுதான் அதன் மேல் எனக்கிருக்கும் பெரிய குறை. விருதுகள் வாங்கியது, பீபடி உட்பட. அதெல்லாம் இருக்கட்டும்.

ஜேனட் வைஸுக்கு வருகிறேன். ஓய்வுக் காலத்தில் அவர் 'போர்ட்லாண்டியா'வில் வேலை பார்த்தார். நடிக்கவில்லை, படப்பிடிப்புக்கு இடம் தேடித்தரும் வேலை. அவர் தலைமுறையின் மிகச் சிறந்த டிரம்ஸ் கலைஞர்களில் ஒருவர், தன் குழுத் தோழி நடிக்கும் தொடருக்காக ஊரெல்லாம் அலைந்து வீடுகளையும் கடைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். இதில் அவமானம் எதுவும் இல்லை, உழைப்பு உழைப்புதான். ஆனால் ராக் இசை பெண்களுக்கு எவ்வளவு சம்பாதித்துக் கொடுத்தது என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதில் கிடைக்காது. இன்னொன்றும் உண்டு. ஒருத்தி திரையில் தெரிகிறாள், இன்னொருத்தி திரை நிற்க இடம் பார்க்கிறாள். குழு மீண்டும் கூடியபோது இந்த ஏற்பாடு மறையவில்லை.

மீண்டும் கூடிய கதையும் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால்தான் தொடங்குகிறது. டக்கரின் வீட்டில் உட்கார்ந்து, இன்னும் ஒளிபரப்பாகாத 'போர்ட்லாண்டியா' அத்தியாயங்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மாலையில், நாம் மறுபடி வாசிப்போமா என்ற பேச்சு எழுந்ததாக அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். 2015 ஜனவரியில் 'நோ சிட்டீஸ் டு லவ்' வந்தது. ரகசியமாகப் பதிவுசெய்த அந்தத் தொகுப்பில் கொழுப்பே இல்லை. தொலைக்காட்சியில் சிரித்துப் பழகியவரின் கிட்டார் இன்னும் கோபமாகத்தான் இருந்தது. பிறகு 2019இல் 'த சென்டர் வோன்ட் ஹோல்ட்'. அது வெளிவருவதற்கு முன்பே, ஜூலையில், வைஸ் விலகினார். குழுவில் தன் இடம் வெறும் டிரம்ஸ் வாசிப்பவர் என்பது மட்டும்தானா என்று தான் கேட்டதாகவும், ஆமாம் என்று பதில் வந்ததாகவும் பின்னால் ஒரு பேட்டியில் சொன்னார். மற்ற இருவரின் தரப்பும் இருக்கும். இருபது வருடச் சிநேகத்துக்குள் என்ன நடந்தது என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் பெண்களின் குழு என்றால் அதற்குள் மேல் கீழ் இருக்காது என்று நம்பி வளர்ந்த எங்களைப் போன்றவர்களுக்கு அந்தப் பதில் வலித்தது. பெண்ணியக் கடையின் கல்லாவுக்குப் பின்னாலும் ஒரு முதலாளி உண்டு போலிருக்கிறது. அந்தக் காட்சியை அவர் இன்னும் எழுதவில்லை.

நான் இப்போதும் லான்ஸைப் பார்த்துச் சிரிக்கிறேன். கடைக் காட்சிகளைப் பார்க்கும்போது பாதியில் நிறுத்திவிடுகிறேன், டோனிக்காகப் பிறகு திரும்பவும் போடுகிறேன்.

2022 இலையுதிர் காலத்தில், இத்தாலியில் விடுமுறையில் இருந்த பிரவுன்ஸ்டீனின் தாயும் அவருடைய கணவரும் கார் விபத்தில் இறந்தார்கள். பதினான்கு வயதில் வீட்டைவிட்டுப் போன அதே தாய். அமெரிக்கத் தூதரகத்துக்குப் பிரவுன்ஸ்டீனைப் பிடிக்க முடியவில்லை. ஏதோ ஒரு பழைய படிவத்தில், அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர் என்ற இடத்தில் அவர் கோரின் டக்கரின் பெயரை எழுதி வைத்திருந்தார். அழைப்பு அங்கே போனது. டக்கர்தான் அவரிடம் சொன்னார். அடுத்த மாதங்களில் அவர் மணிக்கணக்காகக் கிட்டாரை வாசித்துக்கொண்டே இருந்தாராம். சின்ன வயதுக்குப் பிறகு அவ்வளவு வாசித்ததில்லையாம். 2024 ஜனவரியில் வந்த 'லிட்டில் ரோப்' தொகுப்பில் டக்கரை வழக்கத்தைவிட அதிகமாகப் பாடச் சொல்லிவிட்டு, இவர் கிட்டாரோடு பக்கத்தில் நிற்கிறார்.